ஹாஸ்டல் நெட்டும் காளீஸ்வரியின் லேப்டாப்பும்

போன வாரம் அர்ச்சனா போன் செய்தாள். நான் ஓய்வுபெற்ற பிறகு கல்லூரிக் கணினி மையத்தில் என் இடத்துக்கு வந்தவள். குமுளிக்காரி, வாய் கொஞ்சம் நீளம். ஹாஸ்டல்களில் புது முறை வந்துவிட்டதாம். பிள்ளைகள் தங்கள் பெயரையும் பாஸ்வேர்டையும் போட வேண்டியது, போனுக்கு வரும் எண்ணைப் போட வேண்டியது, நெட் கிடைத்துவிடும். யார் கம்ப்யூட்டரையும் யாரும் திறந்து பார்க்க வேண்டியதில்லை.

"அப்ப முன்னாடி நீங்கள்லாம் என்னதான்க்கா வேலை பாத்தீங்க?" என்று கேட்டாள். "இங்க புதுசா சேர்ந்த ரெண்டு பேரும் கேக்குறாங்க. கொஞ்சம் எழுதிக் குடுங்களேன்."

குத்தலாகத்தான் கேட்டாள். ஆனால் நியாயமான கேள்வி. உட்கார்ந்து யோசித்தேன். நன்றாகச் செய்ததை மட்டும் எழுதினால் ஒரு பக்கம் வரும். சொதப்பியதையும் சேர்த்தால்தான் கட்டுரை தேறும் என்று தோன்றியது. அதனால் இரண்டையும் எழுதுகிறேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். ஆனைக்கரைப் பக்கம் ஏலத்தோட்டங்களுக்கு நடுவே இருந்தது என்பது போதும். ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன், என் பெயரைத் தவிர.

என் பெயர் எஸ்தர். தேவிகுளத்துக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட்டின் லைன் வீட்டில் பிறந்தவள். அப்பா ஃபேக்டரியில், அம்மா கொழுந்து பறிக்க. சர்ச் பள்ளிக்கூடத்தில் படித்து, எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்து, மூணாறு பஜாரில் ஒரு கடையில் ஆறு வருஷம் டிவி ரிப்பேர் பார்த்தேன். பெண்பிள்ளை டிவியைப் பிரிப்பதைப் பார்க்கவே சிலர் கடைக்கு வருவார்கள். பிறகு இந்தக் கல்லூரி திறந்தது. லேப் அசிஸ்டென்டாகச் சேர்ந்தேன். கம்ப்யூட்டரைப் பற்றிக் கற்றுக்கொண்டதெல்லாம் அங்கேதான், அதுவும் பெரும்பாலும் நாச்சிமுத்து சாரிடம்.

சார் எங்கள் கணினி மையத்தின் தலைவர். பாலக்காட்டில் சித்தூர்ப் பக்கம். வீட்டில் தென்னையும் நெல்லும் உண்டு, அறுப்பு என்றால் லீவு போட்டுவிட்டுப் போய்விடுவார். பிரின்சிபாலுக்கும் 'ங்க', பெருக்க வரும் அக்காவுக்கும் 'ங்க', காலையில் கிளம்ப மறுக்கும் சர்வருக்கும் 'ங்க'. "ஏனுங்க, இன்னிக்கும் தூங்கிப்போட்டீங்களா?" என்று அந்த இரும்புப் பெட்டியிடம் அவர் கேட்பதை நானே பார்த்திருக்கிறேன். கோபம் வந்தால் இன்னும் ஒரு 'ங்க' கூடுமே தவிர குரல் உயராது. எனக்கு நேர் எதிர் சுபாவம். சட்டென்று சூடாவேன், சட்டென்று பெருமைப்படுவேன்.

ஹாஸ்டல் அறைகளுக்கு நெட் கேபிள் இழுத்தபோது சார் ஒரு முறை வகுத்தார். அதுதான் எங்கள் வேதம். பதிவு செய்யாத கம்ப்யூட்டரை அறைச் சுவரில் செருகினால் ஒரே ஒரு பக்கம்தான் திறக்கும்: 'கணினி மையத்தை அணுகவும்.' பதிவு செய்ய, கல்வியாண்டின் முதல் சனிக்கிழமை மெஸ் ஹாலில் நான்கு மேஜை போடுவோம். முதல் மேஜையில் விண்ணப்பம். இரண்டாவதில் வைரஸ் சோதனை. மூன்றாவதில், யார் வேண்டுமானாலும் நுழையும்படி திறந்து கிடக்கும் கெஸ்ட் கணக்கை மூடுவது, ஃபைல்களை ஊருக்கெல்லாம் காட்டும் ஷேரிங்கை அணைப்பது, நல்ல பாஸ்வேர்டு போடவைப்பது. நான்காவது மேஜையில் நான், பதிவேட்டோடு. நெட் கேபிள் செருகும் ஒவ்வொரு கார்டுக்கும் பன்னிரண்டு எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு முகவரி உண்டு. ஒன்றுக்கு உள்ளது இன்னொன்றுக்கு இருக்காது. அதைத் திரையில் பார்த்துப் பதிவேட்டில் அவரவர் பெயருக்கு நேரே எழுதுவேன். பிறகு அறைக்குப் போய் நெட் வருகிறதா என்று பார்த்து ஒரு டிக் போட வேண்டும்.

மாணவர்களின் கீபோர்டில் நாங்கள் கை வைக்கக் கூடாது. அதுவும் சார் போட்ட சட்டம். "அது அவீக ஊடு மாதிரிங்க. வாசல்ல நின்னு வழி சொல்லலாம், உள்ள போயி சாமானை நகர்த்தக் கூடாதுங்க" என்பார். பாஸ்வேர்டு அடிக்கும் நேரம் வந்தால் நாங்கள் எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். தலையை மட்டும் திருப்பினால் போதாது, உடம்பையே திருப்ப வேண்டும். ஒரு வருஷம் நாலு பேர் ஒரே நேரத்தில் சுவரைப் பார்த்து நின்றதைக் கண்டு மெஸ் சமையல்காரர் நாங்கள் ஜெபம் செய்கிறோம் என்று நினைத்து அடுப்பை அணைத்துவிட்டார்.

வேடிக்கைக்குக் குறைவே இல்லை. முதல் வருஷங்களில் லேப்டாப் அபூர்வம், மேஜைக் கம்ப்யூட்டரைத்தான் ஜீப்பில் கட்டிக்கொண்டு வருவார்கள். ராஜாக்காட்டிலிருந்து வந்த ஒருவன் மானிட்டரைக் கம்பளியில் சுற்றி மடியில் வைத்திருந்தான். இன்னொருவன் ஷேரிங்கை அணைக்க மறந்து, தான் ஒரு பெண்ணுக்கு எழுதிய கடிதத்தை ஹாஸ்டல் முழுக்கப் படிக்கவைத்தான். அந்தப் பெண்ணும் படித்தாள், பதிலும் போட்டாள் என்று கேள்வி. அந்த அளவுக்கு எங்கள் நெட்வொர்க் உபயோகமாக இருந்தது.

எங்களுக்கு உண்மையான எதிரிகள் இரண்டு பேர், ஈரமும் இடியும். மஞ்சு, அதாவது மூடுபனி, இறங்கும் மாதங்களில் சுவரில் இருக்கும் சாக்கெட்டின் பித்தளைக் கம்பிகள் பச்சை பூத்துவிடும். ஐப்பசியில் பெய்யும் துலா மழையில் இடி விழுந்தால் வரிசையாகச் சுவிட்சுகள் கருகும். அறைகளிலிருந்து வரும் கேபிள்களெல்லாம் போய்ச் சேரும் பெட்டிக்குத்தான் சுவிட்ச் என்று பெயர். நல்ல சுவிட்ச் என்றால் எந்த அறையிலிருந்து எந்த முகவரி வந்தது என்று கணக்குச் சொல்லும். ஒரு வருஷம் இரண்டாம் நம்பர் பெண்கள் ஹாஸ்டலின் சுவிட்ச் இடியில் போய்விட்டது. புதிது வரும்வரை கட்டப்பனையில் கிடைத்த சாதாரணச் சுவிட்சை மாட்டிவைத்தோம். அது வேலை செய்யும், ஆனால் வாய் திறக்காது. முகவரி தெரியும், அறை தெரியாது. இனி சொல்லப்போகும் விஷயம் அந்த இடைவெளியில் நடந்தது.

சார் அறுப்புக்கு ஊருக்குப் போயிருந்தார். மையத்தில் நான்தான் மூத்தவள். ஒரு திங்கட்கிழமை தேர்வுப் பிரிவிலிருந்து ஆள் ஓடி வந்தது. மதிப்பெண்கள் இருக்கும் கம்ப்யூட்டருக்குள் யாரோ நுழையப் பார்க்கிறார்கள். மூன்று நாளாக, விடாமல், ஆயிரக்கணக்கான பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கம்ப்யூட்டர் பயந்து தன்னைத்தானே பூட்டிக்கொண்டுவிட்டது. உள்மதிப்பீட்டு மார்க்கை ஏற்ற முடியவில்லை.

நான் நெட்வொர்க்கின் பதிவுகளைத் திறந்தேன். எல்லா முயற்சிகளும் ஒரே முகவரியிலிருந்து வந்திருந்தன. பதிவேட்டைப் புரட்டினேன். என் கையெழுத்திலேயே இருந்தது: காளீஸ்வரி, இரண்டாம் ஆண்டு, இரண்டாம் நம்பர் ஹாஸ்டல். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. பெயரை ஒரு தாளில் எழுதி, முகவரியையும் எழுதி, நானே நடந்துபோய்ப் பிரின்சிபாலின் மேஜையில் வைத்தேன். "இத்ர வேகமோ?" என்று அவர் மலையாளத்தில் ஆச்சரியப்பட்டார். அன்று முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

அதன் பிறகு எல்லாம் தானாக நடந்தது. காளீஸ்வரியை வகுப்புக்கு வர வேண்டாம் என்றார்கள். வியாழக்கிழமை பதினொன்றரைக்கு ஒழுங்கு நடவடிக்கைக் கமிட்டி கூடும், அப்பா வர வேண்டும் என்று அவள் வீட்டுக்குப் போன் போயிற்று. குற்றம் உறுதியானால் ஒரு வருஷம் வெளியே என்று பேசிக்கொண்டார்கள். அவள் கட்டணச் சலுகையில் படிப்பவள். ஒரு வருஷம் வெளியே போனால் சலுகை போகும், சலுகை போனால் திரும்பி வர மாட்டாள். அது எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் அப்பா தேவிகுளத்துப் பக்கம் எஸ்டேட்டில் மருந்தடிக்கும் வேலை செய்பவர் என்று கேட்டபோது மட்டும் மனது ஒரு தரம் சுருக்கென்றது. நம் ஊர்ப் பிள்ளை இப்படிச் செய்துவிட்டதே என்று அவள் மேல்தான் கோபப்பட்டேன்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சார் வந்து சேர்ந்தார். பையை வைத்துவிட்டு உட்கார்ந்தார். நான் நடந்ததை ஒப்பித்தேன், பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்த கதையைச் சேர்த்துத்தான். பொறுமையாகக் கேட்டார்.

"அந்தப் புள்ளை மெசினைப் பாத்தீங்களாங்க?"

"இல்ல சார். ரிஜிஸ்தர்ல பேரு தெளிவா இருக்கே."

"ரிஜிஸ்தருங்களா பாஸ்வேர்டு அடிச்சுது?"

அவ்வளவுதான் கேட்டார். பிறகு மூன்று நாள் தபாலைப் பிரிக்க ஆரம்பித்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது. யார் பெயரையாவது வெளியே சொல்வதற்கு முன் அவர்கள் கம்ப்யூட்டரை அவர்கள் முன்னாலேயே பார்க்க வேண்டும் என்பது எங்கள் முறையிலேயே இருந்தது. வைரஸ் பிடித்த கம்ப்யூட்டர், தன் முதலாளிக்குத் தெரியாமலே எத்தனையோ செய்யும். இதையெல்லாம் வருஷா வருஷம் மெஸ் ஹாலில் மைக் பிடித்துச் சொல்பவளே நான்தான். வேகத்தில் அதை விட்டுவிட்டேன்.

ஹாஸ்டலுக்குப் போனேன். காளீஸ்வரி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"உன் லேப்டாப்பை எடு."

எடுத்தாள். குவைத்தில் இருக்கும் மாமா கொடுத்துவிட்டது. தகடு மாதிரி மெல்லிசாக, வெள்ளி நிறத்தில், பார்க்க ஷோக்காக இருந்தது.

"நெட்டுல செருகும்மா."

அவள் என்னைப் பார்த்தாள். "எப்படிக்கா செருக? இதுல பொந்தே இல்லையே."

வாங்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். உண்மைதான். நெட் கேபிள் செருகும் இடமே அதில் இல்லை. புது மாதிரி மெல்லிய லேப்டாப்களில் அது இருக்காது. யூ.எஸ்.பி.யில் மாட்டும் ஓர் அடாப்டர் தனியாக வேண்டும்.

"அப்ப இத்தனை நாளும் எப்படி நெட் பாத்த?"

"பாக்கலக்கா. லைப்ரரியில போயிப் பாப்பேன், ஆறு மணிக்குப் பூட்டுற வரைக்கும். அன்னைக்குப் பதியிறப்ப நீங்க ஒரு வெள்ளை வயரு கொண்டாந்து மாட்டுனீக. நெட்டு வந்துச்சு. பெறகு நீங்க கழட்டிட்டுப் போயிட்டீக."

"வந்து சொல்லியிருக்கலாமேம்மா."

"அது ஆபீசு சாமானாச்சேக்கா. வயரு வச்சிருக்கவுகளுக்குத்தான் நெட்டுன்னு நெனச்சேன்."

பதிவு நடந்த அந்தச் சனிக்கிழமை எனக்கு நினைவுக்கு வந்தது. வரிசை நீளம், மழை வேறு. இந்தப் பிள்ளையின் லேப்டாப்பில் இடமில்லை என்றதும், உதவுகிற ஜோரில், மையத்தின் டிராயரில் கிடந்த எங்கள் அடாப்டரை எடுத்து மாட்டினேன். திரையில் ஒரு முகவரி தெரிந்தது. அதை எழுதிக்கொண்டேன். ஆனால் அது லேப்டாப்பின் முகவரி அல்ல, அடாப்டரின் முகவரி. அறையில் சோதித்தேன், நெட் வந்தது, டிக் போட்டேன், அடாப்டரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டேன். அன்றிலிருந்து அந்த அடாப்டரை யார் எந்தக் கம்ப்யூட்டரில் மாட்டினாலும் எங்கள் கண்ணுக்கு அது காளீஸ்வரி. நிஜமான காளீஸ்வரியோ ஆறு மாதமாக நெட் இல்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

அடாப்டர் இப்போது யாரிடம் என்று யோசிக்கத் தேவையே இருக்கவில்லை. கீழ்த்தளத்தில் குடியிருந்த ஹாஸ்டல் வார்டன் பிந்து டீச்சரிடம் இருந்தது. அவர் லேப்டாப்பின் நெட் சாக்கெட் ஈரத்தில் பச்சை பிடித்துப் போனதால் ஓணம் முடிந்ததும் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாட்டிய உடனே நெட் வந்துவிட்டது. "ஆஹா, அப்போதே கிட்டியல்லோ" என்று டீச்சர் சந்தோஷப்பட்டார். பதிவே செய்யாத அடாப்டரில் நெட் எப்படி உடனே வரும் என்று நான் அப்போதே முழித்திருக்க வேண்டும். நானும் சேர்ந்து சந்தோஷப்பட்டுவிட்டு, அவர் கொடுத்த கட்டன் சாயாவையும் குடித்துவிட்டு வந்தேன்.

டீச்சர் கமிட்டியில் ஓர் உறுப்பினர். நான் கதவைத் தட்டியபோது பட்டுக்கரைப் புடவை கட்டிப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். "வேகம் எஸ்தரே, கமிட்டிக்குச் சமயமாயி" என்று அடாப்டரைக் கழற்றிக் கையில் கொடுத்தார். மையத்துக்கு ஓட்டமும் நடையுமாக வந்து, எங்கள் கம்ப்யூட்டரில் மாட்டி, பதிவேட்டைப் பக்கத்தில் வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தேன். பன்னிரண்டும் சரியாக இருந்தன. அன்றைக்கு அதில் எங்கேயாவது ஓர் எழுத்து மாறியிருக்கக் கூடாதா என்று நான் ஆசைப்பட்டது உண்மை.

சாரிடம் சொன்னேன். அடாப்டரைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"நீங்களே கமிட்டியில சொல்லிப்போடுங்க. ஆனா மொதல்ல உங்க தப்பைச் சொல்லோணும். டீச்சரு மெசினைப் பத்தி அதுக்குப் பொறவுதானுங்க. மாத்திச் சொன்னீங்கன்னா அது பழி போடறதாயிருமுங்க."

"நீங்க சொல்லக் கூடாதா சார்?"

"எழுதுனது நீங்கதானுங்க?"

கமிட்டி அறையில் பிரின்சிபால், தேர்வுப் பிரிவுத் தலைவர், பிந்து டீச்சர், இன்னொரு பேராசிரியர். சுவரோரம் காளீஸ்வரி நின்றாள். சார் என்னோடு வந்து கதவோரம் நின்றுகொண்டார். அவள் அப்பா மாடசாமியை உள்ளே விடவில்லை, வெளியே பெஞ்சில் உட்காரவைத்திருந்தார்கள். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஒரு மஞ்சப்பை. நான் கடந்து போகும்போது எழுந்து கும்பிட்டார். என் வாழ்க்கையில் யாரும் கும்பிட்டு எனக்கு அவ்வளவு கூச்சமாக இருந்ததில்லை.

சார் சொன்ன வரிசையிலேயே சொன்னேன். பதிவேட்டில் இருக்கும் முகவரி இந்தப் பிள்ளையின் லேப்டாப்புடையது அல்ல. மையத்தின் அடாப்டருடையது. தவறாக எழுதியது நான். கம்ப்யூட்டரைப் பார்க்காமல் பெயரைக் கொடுத்ததும் நான். இந்தப் பிள்ளையின் அறையில் ஆறு மாதமாக நெட்டே கிடையாது. சொல்லி முடித்துப் பதிவேட்டை மேஜையில் வைத்தேன்.

"அப்போள் அடாப்டர் ஆருடைய கையில் ஆயிருந்து?" என்று கேட்டார் பிரின்சிபால்.

நான் வாய் திறப்பதற்குள் பிந்து டீச்சர் எழுந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது. "என்றெ கையில்" என்றார். பிறகு யாரும் சொல்லாமலே தன் அறைக்குப் போய் லேப்டாப்பைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். சார் அப்போதும் அதைத் தொடவில்லை. எதை அமுக்க வேண்டும் என்று தள்ளி நின்று சொன்னார், டீச்சரே அமுக்கினார். பாஸ்வேர்டு அடிக்கும்போது சாரும் நானும் சுவரைப் பார்த்துத் திரும்பினோம். பிரின்சிபால் எங்களைப் பார்த்தார், ஒரு விநாடி தயங்கி, அவரும் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார்.

வைரஸ் இருந்தது. டீச்சர் தன் ஆராய்ச்சிக்காகக் காசு கொடுக்காமல் எங்கிருந்தோ இறக்கிய ஒரு மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வந்தது. இரண்டு வாரமாக அது தானாகவே கைக்கு எட்டிய கதவையெல்லாம் தட்டிக்கொண்டிருந்திருக்கிறது. டீச்சருக்குத் தெரியாது. அவரை யாரும் எதுவும் சொல்லவில்லை. அவர்தான் காளீஸ்வரியிடம் போய், "மோளே, க்ஷமிக்கணும்" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெண்மணி மேல் எனக்கு அன்றிலிருந்து தனி மரியாதை.

வெளியே வந்ததும் அந்த அடாப்டரை என்ன செய்வது என்று சாரிடம் கேட்டேன். பதிவேட்டைத் திருத்த வேண்டுமே.

"எதுக்குங்க திருத்தறது? ரிஜிஸ்தர்ல அது அந்தப் புள்ளை பேர்லதானுங்க இருக்குது. அப்ப அது அந்தப் புள்ளையோடதுங்க. குடுத்துப்போடுங்க."

அப்படியே கொடுத்தேன். காளீஸ்வரியே மாட்டினாள், நெட் வந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தாள், ஆறு மாதத்தில் முதல் தடவையாக என்னைப் பார்த்து. "இப்ப ஒரு கம்ப்ளெயின்ட் எழுது, ஆறு மாசமா நெட் இல்லைன்னு" என்றேன். அவள் தயங்கித் தயங்கி எழுதினாள்: 'ஆறு மாதமாக நெட் கிடைக்கவில்லை. இன்று கிடைத்தது. நன்றி.' அதுவரை எங்களுக்கு வந்த புகார்களில் நன்றி போட்டது அது ஒன்றுதான். காரணம் என்ற கட்டத்தில் ஈரம், இடி, எலி என்றுதான் எழுதுவது வழக்கம். நான் என் பெயரை எழுதினேன். சார் படித்துவிட்டு, "கையெழுத்து சுத்தமா இருக்குதுங்க" என்று சொல்லிக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.

அடுத்த வருஷம் முதல் முகவரியை மாணவர்களே படித்து, அவர்களே எழுதி, அவர்களே கையெழுத்துப் போட வேண்டும் என்று மாற்றினோம். ஒரு மாதம் கழித்து ஒவ்வோர் அறையாகப் போய், "நெட் வருதா?" என்று கேட்பதையும் சேர்த்தோம். இரண்டாவதுதான் முக்கியம். காளீஸ்வரி மாதிரி வாய் திறக்காத பிள்ளைகள் வருஷத்துக்கு இரண்டு மூன்று பேராவது அகப்படுவார்கள். அர்ச்சனா, உங்கள் புது முறை நல்ல முறைதான், எங்களுடையதைவிடப் பத்திரமானது. ஆனாலும் அந்த ஒரு சுற்று மட்டும் போய்விட்டு வாருங்கள்.

மாடசாமியைப் பற்றிச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். பெண்கள் ஹாஸ்டலுக்குள் ஆண்களுக்கு அனுமதி இல்லை, அதனால் அவர் கேட்டில் நின்றிருந்தார். பூப்பாறை பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. தப்பு என்னுடையது என்று அவரிடமும் சொன்னேன்.

"அப்ப எம் மக படிக்கலாமா?"

"படிக்கலாம்ணே. இனி யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

தலையை ஆட்டினார். "நான் ஒண்ணு சொல்லணும்மா. எம் மகளை எனக்குத் தெரியும். ஆனாலும் இந்தக் கம்ப்யூட்டர் விசயம் நமக்குத் தெரியாத விசயம்லா. பஸ்ஸுல வாரப்ப ஒரு தடவை, செஞ்சிருப்பாளோன்னு நெனச்சுப்புட்டேன். ஒரே ஒரு தடவைதான். அதை மட்டும் அவகிட்டச் சொல்லிராதீக."

நான் சொல்லவில்லை. நான் அவசரத்தில் எழுதிய ஒரு வரி, நாலு மணி நேர பஸ் பயணத்தில் ஒரு தகப்பனை அப்படி நினைக்கவைத்துவிட்டதே என்று வருஷக்கணக்கில் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

காளீஸ்வரி பட்டம் வாங்கிய அன்று அவரும் வந்திருந்தார். கறுப்பு அங்கியோடு அவள் எங்களிடம் வந்து நின்றபோது, அவராலேயே தாங்க முடியவில்லை போலிருக்கிறது. என் முன்னாலேயே அவளிடம் சொல்லிவிட்டார். பஸ்ஸில் வந்தது, ஒரு தடவை நினைத்தது, எல்லாம். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"தெரியும்ப்பா" என்றாள் அவள். "நீங்க வந்து எறங்குனப்பவே மூஞ்சியில இருந்துச்சு. திரும்பிப் போறப்ப இல்ல." பிறகு ஒரு கையால் அவர் மஞ்சப்பையை வாங்கிக்கொண்டு, இன்னொரு கையால் என்னைப் பிடித்தாள். "வாங்க ரெண்டு பேரும். பந்தி முடியப் போகுது, சாப்பிடுவோம்."